நடுப்பக்கத்துத் தங்கை

அத்தியாயம் ஒன்பது

பல்செட் செய்கிறவள் வயிற்றில் பிறந்தும் அவளுடைய முன்பற்கள் இரண்டும் உதட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தன. அதனால் வீட்டில் அவள் பெயர் முயல். அப்பா வைத்தது. பதினாறு வயதாகியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை விடிந்ததிலிருந்து முயல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் நீல அட்டை போட்ட ஒரு புத்தகம். கடலுக்கு அடியில் இறங்கிக் கப்பல்களின் அடிவயிற்றில் ஓட்டை அடைக்கும் ஒரு பெண்மணியின் தன்வரலாறு. பின்னட்டைப் படத்தில் முகமூடியும் குழாயும்தான் இருந்தன. முகம் இல்லை. முயல் அதை நூலகத்தில் எடுத்தாள், படித்தாள், சின்னப் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்தாள். அதோடு நிற்கவில்லை. எழுதியவருக்கே கடிதமும் போட்டாள். சிபாரிசு செய்த புத்தகத்தின் ஆசிரியர் உயிரோடிருந்தால் அவரிடம் ஒரு கேள்வி கேட்பது, நூலகத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் பிள்ளைகள் கூட்டத்தின் வழக்கம்.

பதில் வந்தது. இந்தச் சனிக்கிழமை நான்கு மணிக்கு நூலகத்துக்குத் தொலைபேசியில் பேசுகிறேன் என்றது.

போன வாரம் அப்பா முயலின் குறிப்பேட்டில் அந்தப் புத்தகத்தின் ஆசிரியர் பெயரைப் பார்த்துவிட்டு ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். "இது உன் பெரியம்மா" என்றார். "உங்கம்மா காதுல போட்டுடாத."

அம்மாவுக்கு ஓர் அக்கா இருப்பதே முயலுக்கு அன்றுதான் தெரியும்.

ஆக, நான்கு மணிக்குப் பெரியம்மா பேசப்போகிறாள். யாரோடு பேசப்போகிறோம் என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. பேசப்போகிறாள் என்பதே அம்மாவுக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்த ஒரே ஆள் அடுக்களையில் நின்று, ஏற்கெனவே கழுவிய கோப்பையைத் திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள்.

முன்னறையில் அம்மா ஒரு கிழவருக்குச் சிரிப்பு செய்துகொண்டிருந்தாள். மேசையில் ஸ்பிரிட் விளக்கு எரிந்தது. கத்தி முனையைச் சூடாக்கி, ரோஜா நிற மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டாள். ஒன்றை நட்டதும் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். மெழுகுக்கு அப்புறம் அந்தக் கிழவர் உட்கார்ந்திருப்பது போல.

அழைப்பு மணி அடித்தது. வந்தது எதிர்ப்புறத்துப் பல் டாக்டரின் மகள். பன்னிரண்டு வயது. சனிக்கிழமைகளில் தன் அப்பா எடுத்த பல் அச்சுகளைக் கொண்டுவருவது அவள் வேலை. வாய் மூடாத பெண். கையில் அச்சுப் பெட்டி. அக்குளில் நீலப் புத்தகம்.

"ஆன்ட்டி, மேல் தாடை ஒண்ணு, கீழ் தாடை ஒண்ணு. வேற வேற ஆளாம். மாத்திப் போட்டுடாதீங்கன்னாரு அப்பா."

"உங்கப்பாகிட்ட சொல்லு, இத்தனை வருஷத்துல மாத்திப் போட்டது ஒரே தடவை, அதுவும் அவரு சீட்டு மாத்தி ஒட்டினதாலன்னு. வை அங்க."

முயல் அடுக்களை வாசலுக்கு வந்து கையை ஆட்டினாள். புத்தகத்தைக் காட்டினாள், உதட்டில் விரல் வைத்தாள், கண்ணை உருட்டினாள். டாக்டர் மகள் பதிலுக்குச் சிரித்துக் கையசைத்தாள்.

"ஆன்ட்டி, உங்க பொண்ணு சொன்ன புத்தகம். செமையா இருக்கு!"

"அப்படியா." அம்மா தலையை நிமிர்த்தவில்லை. "என்ன கதை?"

"கதையில்ல, நிஜமா நடந்தது. ஒரு அக்கா கடலுக்கடியில போய் கப்பல் ரிப்பேர் பண்றாங்க. ஒருநாள் கீழே இருந்து வேகமா மேல வந்துடறாங்க. வரக்கூடாதாம். ரத்தத்துல காத்துக் குமிழி வந்துடுமாம். கை கால் விழுந்து ஆஸ்பத்திரியில கிடக்கறாங்க. வாசல் பக்கமே அதுதான்."

அம்மாவின் கத்தி மெழுகின் மேல் நின்றது. விளக்குச் சுடர் மட்டும் அசைந்தது.

இங்கே வாசலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நூலகத்தில் வாழ்க்கை வரலாறுகளுக்கென்று ஓர் அலமாரி உண்டு. சின்னப் பிள்ளைகள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். எல்லா வாழ்க்கையும் தாத்தாவின் தாத்தாவில் தொடங்கியது. பிறக்க வேண்டியவர் பிறப்பதற்கு நாற்பது பக்கம் ஆயிற்று. அதற்குள் படிக்கிறவன் கொட்டாவி விட்டு எழுந்து போயிருப்பான்.

சனிக்கிழமைக் கூட்டத்தின் மூத்தவன் இதற்கு ஒரு வழி கண்டான். எல்லாரும் நெட்டை என்று கூப்பிடும் பையன். "முதல் பக்கத்துலதான் நுழையணும்னு சட்டமா? நல்ல பக்கமாப் பாத்து ஒரு வாசல் வைங்கப்பா" என்றான். அன்றிலிருந்து சிபாரிசு செய்கிறவர் ஒரு பக்கத்தைத் தேர்ந்து அங்கே மஞ்சள் சீட்டைச் செருக வேண்டும். இங்கே தொடங்கு என்று பொருள். படித்தவர்கள் இரண்டு வரி எழுதித் தந்தால் பலகையில் ஒட்டுவார்கள். அலமாரி காலியாகத் தொடங்கியது.

முயல் நீலப் புத்தகத்துக்கு வைத்த வாசல் நூற்றுப் பதினேழாம் பக்கம். அதைவிட நல்ல வாசல் வேறு எந்தப் புத்தகத்துக்கும் அமையவில்லை என்று நெட்டையே சொன்னான். பெரியம்மா விஷயம் தெரிந்த அன்று முயல் சீட்டை எடுத்துவிட ஓடினாள். புத்தகம் வெளியே போயிருந்தது.

இப்போது அது வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது.

"கேளுங்க ஆன்ட்டி, படிக்கறேன்." டாக்டர் மகள் மஞ்சள் சீட்டில் திறந்து, பள்ளி மேடையில் நிற்பவளைப் போல நிமிர்ந்தாள். "'என் தங்கை கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்தாள். என்னைப் பார்த்தாள். கையைத் தூக்கிக் கூப்பிட நினைத்தேன். கை வரவில்லை. அவள் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு வரவேயில்லை.'" புத்தகத்தை மூடினாள். "சரியான கல்நெஞ்சக்காரி இல்ல ஆன்ட்டி? நான் எழுதிட்டேன். இந்தத் தங்கை மாதிரி யாரும் இருக்காதீங்கன்னு. பெரிய எழுத்துல. இன்னிக்கு ஒட்டப்போறாங்க."

அம்மா மெதுவாகச் சொன்னாள். "திரும்பப் படி."

"முழுசா?"

"கைன்னு ஏதோ வந்துச்சே. அது."

"'கையைத் தூக்கிக் கூப்பிட நினைத்தேன். கை வரவில்லை.'"

"முழிச்சிருந்தாளா" என்றாள் அம்மா. அது கேள்வி போல ஒலிக்கவில்லை.

"ஆமா ஆன்ட்டி. முழிச்சிருந்தாத்தானே பாக்க முடியும்?"

டாக்டர் மகள் போனாள். முயல் அடுக்களையிலிருந்து வெளியே வந்து மேசைக்கு எதிரில் நின்றாள். மெழுகில் முன்பற்கள் இரண்டும் கோணிக்கொண்டு நின்றன. அம்மா அதைக் கவனிக்கவில்லை.

"எப்போலேருந்து தெரியும்?"

"போன வாரம். அப்பா சொன்னாரு."

"அவரு வாய்க்கு ஒரு பூட்டு செஞ்சு மாட்டணும்."

"தெரியாமத்தான்மா வாசல் வச்சேன். தெரிஞ்சதும் எடுக்கப் போனேன். இவ எடுத்துட்டுப் போயிட்டா."

"முன்னாடி என்ன இருக்கு?"

"எதுக்கு முன்னாடி?"

"அந்தப் பக்கத்துக்கு முன்னாடி."

முயல் புத்தகத்தை நடுவில்தான் பிரித்திருந்தாள். அவளும் அந்தப் பக்கத்தில்தான் நுழைந்தாள். அங்கிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படித்தாள். முன்னால் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. வாசல் வைக்கிறவர்கள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டிருந்தது.

"படிக்கல" என்றாள்.

"நூறு பக்கம் இருக்குமாடி?"

"அதுக்கு மேல."

"அதுலயும் நான் இருப்பேன் இல்ல?" அம்மா கத்தியைத் துணியில் துடைத்தாள். "அவ எழுதினதுல ஒரு எழுத்து பொய் இல்ல. வந்தேன். பாத்தேன். போயிட்டேன். அதுக்காக என்னைத் தெரிஞ்சுக்கறவங்க எல்லாரும் அந்தக் கதவுலேருந்துதான் ஆரம்பிக்கணுமா?"

முயல் கேட்டாள். "ஏம்மா திரும்பி வந்தே?"

அம்மா மெழுகைப் பார்த்தாள். கோணலை அப்போதுதான் கண்டாள். இரண்டு பற்களையும் பிடுங்கி, கத்தியைச் சுடரில் காட்டினாள்.

"அந்தக் கிழவருக்கு மதியத்துக்குள்ள பல்லு வேணும். போ."

நான்கு மணி விஷயத்தை முயல் சொல்லவில்லை. வாய் வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

நூலகத்துக்குப் போகும் வழியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் அப்பா லிஃப்ட் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை. பள்ளத்திலிருந்து அப்பாவின் தலை மட்டும் தரைக்கு மேலே தெரிந்தது.

"அப்பா, தெரிஞ்சுபோச்சு."

தலை நிமிர்ந்தது. "யாரு சொன்னா?"

"டாக்டர் பொண்ணு. அந்தப் பக்கத்த சத்தமா வேற படிச்சுக் காட்டினா."

"அடப் பாவமே. அம்மா என்ன சொன்னா?"

"முழிச்சிருந்தாளான்னு கேட்டாங்க."

அப்பா கையிலிருந்த கிரீஸைத் துடைப்பதை நிறுத்தினார். மாடிப்படியில் யாரோ இறங்கிப் போனார்கள். "லிஃப்ட் எப்ப வரும்?" என்று கேட்டார்கள். "வரும்போது வரும்" என்றார் அப்பா. வழக்கமாக அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை.

"நான்தான் அன்னிக்கு உங்கம்மாவை வண்டியில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்றார். "கீழயே நின்னேன். போன வேகத்துல வந்தா. என்னம்மான்னு கேட்டேன். அக்கா தூங்கறான்னு சொன்னா. சரி, நாளைக்கு வரலாம்னு சொன்னேன். அந்த நாளைக்குத்தான் இன்னும் வரல."

"பொய்யா சொன்னாங்க?"

"அப்படி நினைக்கல. சொல்லிச் சொல்லி அவளே நம்பிட்டா. அக்கா பாக்கலன்னு நினைச்சுத்தான் இத்தனை நாளும் ஓட்டியிருக்கா."

முயல் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தாள். நான்கு மணி விஷயத்தைச் சொன்னாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"நிறுத்திடச் சொல்லட்டுமாப்பா? உடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன்."

"நிறுத்தினா?"

"அம்மாவுக்குக் கஷ்டம் இல்ல."

"காலையில பட்டதுக்கு மேல என்ன கஷ்டம் வரப்போகுது?" அவர் ஏணியில் ஒரு படி ஏறி அவள் முகத்துக்கு நேராக வந்தார். "அம்மாவுக்குத் தெரியாம நீ பேசினா, நாளைக்கு நீயும் ஒரு பக்கத்தை மறைச்சவ ஆயிடுவே. சொல்லிடணும். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நீங்க."

"அதானே பாத்தேன். வாசல் வைக்கறது நீ, வாங்கிக் கட்டிக்கறது நானா?" சட்டைப் பையில் போனைத் தேடினார். "போ. நான் பேசறேன். அவ என்ன சொல்லுவான்னு என்னைக் கேக்காத. எனக்குத் தெரியாது."

நூலகத்தில் கூட்டம் தொடங்க நேரம் இருந்தது. டாக்டர் மகள் புத்தகத்தைத் திருப்பித் தந்திருந்தாள். முயல் அதை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தாள்.

தாத்தாவின் தாத்தா இல்லை. முதல் வரியிலேயே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. உள்ளே அக்கா மூச்சடக்கிக் கிடந்தாள். விளிம்பில் தங்கை உட்கார்ந்து சத்தமாக எண்ணினாள். அக்காவின் எண்ணிக்கை கூட வேண்டும் என்பதற்காக வேகவேகமாக எண்ணினாள். 'உலகத்திலேயே எனக்காக முதலில் பித்தலாட்டம் செய்தவள் அவள்தான்' என்று எழுதியிருந்தது. பெரியவர்கள் யாரும் சம்மதிக்காத பயிற்சிக்கு அக்கா புறப்பட்ட அன்று தங்கை அவள் பெட்டியை மொட்டைமாடி வழியாக இறக்கினாள். மாட்டிக்கொண்டாள். அடி வாங்கினாள். அக்கா எங்கே என்று சொல்லவில்லை.

முயல் தலையை நிமிர்த்தினாள். பலகையில் நெட்டை ஒரு காகிதத்தை ஒட்டிக்கொண்டிருந்தான். பெரிய எழுத்துகள். இந்தத் தங்கை மாதிரி யாரும் இருக்காதீங்க.

கூட்டத்துக்கு இருபது பிள்ளைகள் போல வந்திருந்தார்கள். சின்னவர்கள் பாயில், பெரியவர்கள் சுவரோரம். நூலகர் மேசைக்குப் பின்னால் இருந்தார். அவர் இந்தக் கூட்டத்தில் தலையிடுவதில்லை. சத்தம் கூடினால் பேனாவால் மேசையைத் தட்டுவார். அவ்வளவுதான்.

நெட்டை தொடங்கினான். "ஒரு கோல்கீப்பரோட வாழ்க்கை. தொண்ணூத்தி ரெண்டாம் பக்கம் வாசல். அவரு கோல் விடற பக்கம்."

"கோல் பிடிக்கற பக்கம் இல்லையாண்ணா?" என்றான் பாயிலிருந்து ஒருவன்.

"பிடிச்சதெல்லாம் மறந்துட்டாராம். விட்டது மட்டும்தான் ஞாபகம் இருக்காம். அதனாலதான் புத்தகமே எழுதியிருக்காரு."

சிரித்தார்கள். அடுத்து ஒருத்தி பாலம் கட்டிய பொறியாளரைப் பற்றிச் சொன்னாள். "நடுவுல கொஞ்சம் கணக்கு வரும். பயப்படாதீங்க, தாண்டிடலாம். நான் தாண்டிட்டேன்." இரண்டு கைகள் அந்தப் புத்தகத்துக்கு நீண்டன.

அப்போது கதவு திறந்தது. அம்மா வந்தாள். வேலைச் சட்டையைக் கழற்றாமல் வந்திருந்தாள். முழங்கையில் பல் அச்சின் வெள்ளை மாவு. பின்னால் சின்னப் பிள்ளைகளுக்கான நாற்காலி ஒன்றுதான் காலியாக இருந்தது. அதில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்தாள். மடியில் பை. முயலைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தாள். படித்தாள்.

அப்பா சொல்லிவிட்டாரா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அடுத்து முயல்" என்றான் நெட்டை.

முயல் எழுந்தாள். நீலப் புத்தகத்தைத் திறந்து, மஞ்சள் சீட்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இந்தப் புத்தகத்த நான் தப்பான இடத்துல திறந்துட்டேன்."

"என்ன தப்பு? அதான் சூப்பர் வாசலாச்சே" என்றான் நெட்டை.

"அது வழியா உள்ள போனா ஒரு ஆளைப் பத்தித் தப்பாத் தெரியுது."

"தப்பான ஆளு தப்பாத்தானே தெரிவா?" இது டாக்டர் மகள். பாயில் முதல் வரிசை.

"வேற பக்கம் சொல்லு, மாத்திடலாம்" என்றான் நெட்டை. "வாசல் இல்லாம அலமாரிக்குப் போகாது. நம்ம விதி."

"தெரியல. இன்னும் முழுசாப் படிக்கல."

"முழுசாப் படிக்காமயா சிபாரிசு பண்ணினே?"

எல்லாரும் முயலைப் பார்த்தார்கள். முயலின் காது இரண்டும் சூடேறின. இந்தக் கூட்டத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. நெட்டையே எத்தனை புத்தகங்களின் முன்பாதியைப் படித்திருப்பான் என்று கேட்கலாம். கேட்கவில்லை.

"அவளை விடுப்பா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். நாற்காலியும் கூடவே எழுந்தது. அதைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு நின்றாள். யாரோ சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

"அந்தத் தங்கச்சி நான்தான்."

டாக்டர் மகளின் வாய் திறந்தது. வார்த்தை வராமல் அந்த வாய் திறந்ததை முயல் முதல்முறையாகப் பார்த்தாள்.

"ஆன்ட்டி... நான்... அதைக் கிழிச்சிடட்டுமா?"

"எதுக்கு? நீ படிச்சதைத்தானே எழுதினே. இருக்கட்டும்."

"அப்போ நீங்க ஏன் திரும்பிப் போனீங்க?"

நெட்டை அவள் தலையில் தட்டப் போனான். அம்மா வேண்டாம் என்று கையசைத்தாள். பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"பயம்" என்றாள்.

டாக்டர் மகள் காத்திருந்தாள். இன்னும் ஏதோ வரும் என்று நினைத்தாள். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான். எங்க அக்கா தொட்டியில மூச்சடக்கினா, எனக்கு மூச்சு முட்டும். அவ எதுக்கும் அசைய மாட்டா. அப்படிப்பட்டவ குழாயும் கையுமா கிடந்தா. முகம் வீங்கி வேற யாரோ மாதிரி இருந்தா. உள்ள போனா அதுதான் அக்கான்னு ஆயிடும். காலு திரும்பிடுச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "மறுநாள் போயிருந்தா சரியாப் போயிருக்கும். போகல. அதுக்கு மறுநாள் நேத்து ஏன் வரலன்னு கேப்பாளேன்னு போகல. அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?"

நெட்டை பலகையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான்.

"எனக்கும் அப்படித்தான் ஆன்ட்டி" என்றாள் டாக்டர் மகள் திடீரென்று. "எங்கப்பா ரூமுக்குள்ள நான் போகவே மாட்டேன். ஊசியைப் பாத்தா ஓடிடுவேன். என் ஆடற பல்லு ஒண்ணை நானே நூல் கட்டிப் பிடுங்கினேன், அவருக்குத் தெரியாம."

"உங்கப்பாகிட்ட சொல்லிடாத. எல்லாரும் நூல் கட்டினா அவருக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல."

சிரிப்பு எழுந்தது. நூலகர் பேனாவை எடுத்தார். தட்டவில்லை.

தொலைபேசி அடித்தது.

முயல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு ஆகியிருந்தது. நூலகர் எடுத்தார், கேட்டார், ரிசீவரைக் கையால் பொத்தினார். "அவங்கதான். யாரு பேசறீங்க?"

அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்தது. ஆனால் ஆச்சரியம் இல்லை. அப்பா சொல்லியிருக்கிறார். தெரிந்துதான் வந்திருக்கிறாள். இருந்தும் அவள் கை பையின் வாரை இறுக்கிப் பிடித்தது. உடம்பு கதவுப் பக்கம் அரைவாசி திரும்பியது.

முயல் மேசைக்குப் போய் ரிசீவரை வாங்கினாள். "வணக்கம். நான்தான் உங்களுக்கு எழுதினது."

"நூத்திப் பதினேழாம் பக்கத்துப் பொண்ணா?" கரகரத்த குரல். சிரிப்புக்குப் பக்கத்தில் இருந்த குரல். சளி பிடித்தபோது அம்மா பேசுவது போல இருந்தது. "எல்லாரும் கப்பலைப் பத்திக் கேப்பாங்க. நீ மட்டும்தான் அந்தப் பக்கத்தைப் பிடிச்சே. அதை எழுத எனக்கு ஒரு வருஷம் ஆச்சு தெரியுமா? சரி, கேளு. ஒரு கேள்வின்னு எழுதியிருந்தியே."

முயல் ஒரு கேள்வி எழுதித்தான் வைத்திருந்தாள். கடலுக்கடியில் எதற்கு அதிகம் பயந்தீர்கள் என்ற கேள்வி. இப்போது அது வாயில் வரவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா கதவருகே போயிருந்தாள். கைப்பிடியில் ஒரு கை. இருபது பிள்ளைகளும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

போய்விடுவாள் என்று முயல் நினைத்தாள். போனால் கோபம் வராது என்றும் நினைத்தாள். அவளுக்கே அது புதிதாக இருந்தது.

"ஹலோ?" என்றது குரல். "இருக்கியாம்மா?"

அம்மா கைப்பிடியை விட்டாள். குரல் எழுப்பாமல், முயலுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கலாம்னு கேளு."

முயல் கேட்டாள். "உங்க புத்தகத்தை எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கலாம்?"

மறுமுனையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, சிரிப்பு கழன்றுபோன குரலில், "நல்ல கேள்வி. நீயாக் கேக்கறியா?"

முயல் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை அசைத்தாள். மிகச் சிறிய அசைவு.

"இல்ல" என்றாள் முயல். "உங்க தங்கச்சி கேக்கறாங்க."

ரிசீவரில் சத்தம் அடங்கிவிட்டது. முயல் அதைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நெட்டை பாயில் இருந்தவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தான். தேவையே இருக்கவில்லை.

"வெச்சுட்டாளா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. லைன்லதான் இருக்காங்க. ஒண்ணும் பேசல."

அம்மா மேசைக்கு வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தொலைபேசிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அவசரமில்ல. நான் இங்க உக்காந்திருக்கேன்னு சொல்லு."